கொள்ளுத் தாத்தாவுக்கு வவுச்சர் உண்டா?

உங்கள் அப்பா பெயர் உங்களுக்குத் தெரியும். தாத்தா பெயர் தெரியும். கொள்ளுத் தாத்தா பெயர்?

அவசரமே இல்லை, யோசித்துச் சொல்லுங்கள். சரி, அதை விடுங்கள். அவருடைய சம்சாரத்தின் பெயர்? அதாவது சாட்சாத் உங்கள் கொள்ளுப் பாட்டி?

பேச்சு மூச்சைக் காணோமே!

வெட்கப்பட வேண்டாம் ஸார். அம்பத்தூரில் எங்கள் தெருவில் பத்து வீட்டில் இந்தப் பரீட்சையை வைத்துப் பார்த்தேன். தாத்தா வரைக்கும் எல்லோரும் டிஸ்டிங்ஷன். கொள்ளுத் தாத்தாவில் பாதிப் பேர் ஃபெயில். கொள்ளுப் பாட்டியில் மொத்த கிளாஸும் காலி. ஆனால் ஒன்று கவனித்தேன். பெயர் தெரியாதவர்களுக்குக்கூட அந்தஸ்து மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஒருத்தருடைய கொள்ளுத் தாத்தா ஜமீன்தார். இன்னொருத்தருடையவர் மிட்டாதார். மூன்றாவது வீட்டில் குதிரை வைத்திருந்தாராம். கூலி வேலை செய்த கொள்ளுத் தாத்தா தெருவில் ஒருத்தருக்கும் கிடையாது. அப்படியானால் அத்தனை ஜமீனிலும் யார்தான் நாற்று நட்டார்கள்?

அடியேன் பி.காம். எனக்குக் கல்லூரியில் ஏறிய ஒரே விஷயம், வவுச்சர் இல்லாத என்ட்ரியை நம்பக் கூடாது என்பது. அந்தப் புத்தியால் பார்த்தால், நம்முடைய குடும்பக் கதைகள் எல்லாமே வவுச்சர் இல்லாத என்ட்ரிகள்தான்.

நம் பக்கத்தில் முன்னோர் ஆராய்ச்சி நடக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. நடக்கிறது. அதற்குப் பெயர் வில்லங்கம் பார்ப்பது! ஆவடியிலோ திருமழிசையிலோ ஒரு மனையை விற்க வேண்டும் என்றால் போதும். மூலப் பத்திரத்தைத் தேடிப் பரணில் ஏறுவோம். பேங்க்காரர் முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றிதழ் கேட்பார். தாத்தா யாரிடம் வாங்கினார், அவருக்கு எத்தனை பிள்ளைகள், சித்தப்பா எந்த வருஷம் செத்தார் எல்லாம் ஒரே வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். கிரயம் முடிந்து அட்வான்ஸும் பாக்கியும் கைக்கு வந்ததும் தாத்தா மறுபடி பரணுக்குப் போய்விடுவார்.

பைசா லாபமில்லாமல், வெறும் ஆசைக்காக வில்லங்கம் பார்க்கிறவர்கள் உலகத்தில் நிறைய உண்டு. அதில் ஹியூகனாட் வம்சத்தார் மகா கில்லாடிகள்.

யார் இந்த ஹியூகனாட்? பிரான்ஸ் தேசத்தின் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். கத்தோலிக்க நாட்டில் அவர்கள் பாட்டுக்குக் கும்பிட்டுக்கொள்ளலாம் என்று 1598-ல் நான்காம் ஹென்றி ராஜா ஒரு சாசனம் போட்டார். 1685-ல் பேரன் பதினான்காம் லூயி அதை ரத்து செய்தார். பாதிரிமார்கள் பதினைந்து நாளில் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். ஆனால் ஜனங்கள் போகக் கூடாது! மதம் மாறி உள்ளேயே இருக்க வேண்டும். ஓடும்போது பிடிபட்ட ஆண்களைக் கப்பலில் துடுப்பு வலிக்கச் சங்கிலியில் கட்டினார்கள். பெண்களைச் சிறையில் போட்டார்கள். அப்படியும் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஓடினார்கள்.

வாலூன் என்பவர்கள் இவர்களுக்கு மூத்தவர்கள். இன்றைய பெல்ஜியம் பக்கத்தில் பிரெஞ்சு பேசிய புராட்டஸ்டன்ட்டுகள். ஸ்பெயின் ராஜாவின் உபத்திரவம் தாங்காமல் நூறு வருஷம் முன்பே ஹாலந்துக்கும் இங்கிலாந்துக்கும் தப்பிப் போய் அங்கே பிரெஞ்சு மொழியில் கோயில் கட்டிக்கொண்டவர்கள். பின்னால் வந்த ஹியூகனாட்டுகளுக்கு இந்தக் கோயில்கள்தான் முதல் திண்ணை.

இப்போது கணக்கைப் பாருங்கள். திருட்டுத்தனமாக ஓடியவனுக்குப் புறப்பட்ட இடத்தில் என்ட்ரி கிடையாது. போய்ச் சேர்ந்த இடத்தில் உண்டு. ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்குப் போனால், 'இவர் நல்லவர், நம்முடையவர்' என்று பழைய சபையின் சான்று வேண்டும். நம்ம பள்ளிக்கூடத்து டி.சி. மாதிரி! புது சபைக்காரர் அதைப் பார்த்து, ஊர், பெயர், தேதி போட்டுப் பேரேட்டில் ஏற்றுவார். ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாம் அதே மாதிரி. பிற்காலத்தில் ஹாலந்தின் லைடன் நகரத்து வாலூன் நூலகத்துக்காக அந்தப் பேரேடுகளை எல்லாம் லட்சக்கணக்கான அட்டைகளில் பிரதி எடுத்து அகர வரிசையில் அடுக்கினார்கள். லண்டனில் 1885-ல் இதற்கென்றே ஒரு சங்கம் ஆரம்பித்துப் பேரேடுகளை அச்சில் போட்டார்கள். ஓடி வந்த தாத்தாவைப் பேரன் இன்றைக்குப் பிடித்துவிடுகிறான்.

"அதெல்லாம் சரி, நம்ம ஊருக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள் என் சகதர்மிணி, கீரை ஆய்ந்தபடி.

சம்பந்தம் இருக்கிறதே! பாரசீகம் வரை போய்ப் பிரயாண நூல் எழுதிய ழான் ஷார்தான் என்ற நகை வியாபாரி ஒரு ஹியூகனாட். இங்கிலாந்துக்குப் போய் ஸர் பட்டம் வாங்கினார். அவருடைய தம்பி டேனியல் சென்னைக் கோட்டையில் வந்து உட்கார்ந்துகொண்டு கோல்கொண்டா வைரம் வாங்கி அண்ணனோடு கூட்டு வியாபாரம் செய்தார். 1709-ல் இங்கேயே காலமானார்.

அதே கோட்டையில் இருக்கும் செயின்ட் மேரீஸ் சர்ச்சில் 1680 முதல் பேரேடு. அதில் முதல் கல்யாணமே எலிஹு யேல் துரையுடையது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தாரே, அதே ஆசாமி. 1698 முதல் சென்னை ராஜதானியின் ஞானஸ்நான, கல்யாண, அடக்கப் பட்டியல்களை வருஷா வருஷம் பிரதி எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். இப்போது அவை பிரிட்டிஷ் லைப்ரரியில். பூந்தமல்லியில் வெள்ளைக்காரப் பட்டாளம் கூடாரம் போட்டிருந்ததே, அந்தச் சிப்பாய்களின் பெயர்களும் அந்தப் பட்டியல்களில்தான். ஆக, லண்டனில் இருக்கிற பேரன் பூந்தமல்லியில் காய்ச்சலில் போன தாத்தாவைக் கண்டுபிடிக்கலாம். பூந்தமல்லியிலேயே இருக்கிற பேரன் தன் தாத்தாவைத் தேடினால்... சர்வே நம்பர் கேட்பார்கள்!

உங்கள் வீட்டுப் பையனின் கணக்குப் புத்தகத்திலும் ஓர் ஆசாமி இருக்கிறார். டி மார்கன் விதிகள்! அந்த டி மார்கன் 1806-ல் மதுரையில் பிறந்தவர். அப்பா கம்பெனிப் பட்டாளத்தில் அதிகாரி. ஹியூகனாட் வம்சம் என்று சொல்லப்படும் குடும்பம். 'எக்ஸ் ஸ்கொயர் என்ற வருஷத்தில் எனக்கு எக்ஸ் வயது' என்று புதிர் போடுவாராம். 43 பெருக்கல் 43, 1849. அந்த வருஷம் அவருக்கு 43. வயதைக் கேட்டால்கூடக் கணக்கு போட வைக்கிற மனிதர். உங்கள் பையன் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இன்னும் கிட்டே வருகிறேன். சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு நமக்காகப் பாய்ந்து பாய்ந்து கேட்ச் பிடித்தாரே ஃபாஃப் டு பிளெசிஸ், அந்தப் பெயர் சுத்த ஹியூகனாட் பெயர். 1688-ல் ஊஸ்டர்லாண்ட் என்ற டச்சுக் கப்பலில் தென்னாப்பிரிக்காவின் கேப் முனைக்கு வந்திறங்கிய ழான் ப்ரியர் டு பிளெசிஸ் என்ற வைத்தியர்தான் அங்கே அந்தப் பெயருக்கு மூலபுருஷர். மறுவருஷம் லா ரோஷெல் பக்கத்திலிருந்து டி வில்லியர்ஸ் சகோதரர்கள் மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தர் பெயர் ஆபிரகாம். ஏ.பி. டி வில்லியர்ஸின் 'ஏ'வும் ஆபிரகாம்தான்! முந்நூறு வருஷமாகப் பெயரைக் கட்டிக் காத்திருக்கிறார்கள்.

2019 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் நடந்த டெஸ்ட் மேட்ச் ஞாபகம் இருக்கிறதா? தென்னாப்பிரிக்காவின் கேப்டன் டு பிளெசிஸ். முதல் டெஸ்ட் ஆடிய புதுமுகம், டர்பன்காரரான செனுரன் முத்துசாமி. இவருடைய முன்னோர்கள் நம்ம தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். ஒரே டீமில் இரண்டு கப்பல்! ஒன்று பிரான்ஸிலிருந்து தப்பியவர்களின் கப்பல். இன்னொன்று கரும்புக்காட்டுக் கூலிகளின் கப்பல்.

அந்த இரண்டாவது கப்பலைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். முதலாவது, ட்ரூரோ. 1860 அக்டோபர் 12-ல் சென்னையிலிருந்து 342 பேருடன் கிளம்பி நவம்பர் 16-ல் டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரைக்கும் மொத்தம் சுமார் 1,52,000 பேர் நேட்டாலுக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு நம்ம சென்னைத் துறைமுகம் வழியாக. ஐந்து வருஷ ஒப்பந்தம். ஆரம்பச் சம்பளம் மாசம் 10 ஷில்லிங்.

இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் அடையாளம். எல்லாம் லிஸ்ட்டில் ஏற்றியிருக்கிறார்கள். பாசத்தால் அல்ல. தோட்டத்திலிருந்து ஓடிப்போனால் பிடிக்க வேண்டாமா? சம்பளம் போட வேண்டாமா? சரக்கு இறக்கும்போது ஸ்டாக் பார்ப்பது மாதிரிதான். ஆனால் அந்த ஸ்டாக் லிஸ்ட்தான் இன்றைக்குப் பேரப்பிள்ளைகளுக்கு வேதம்.

படிப்பது மட்டும் சுலபமில்லை. எழுதின கிளார்க்குக்குத் தமிழ் தெரியாது. காதில் விழுந்ததை இங்கிலீஷில் போட்டிருக்கிறார். ஆரம்பத்துக் கப்பல்களில் நிறையத் தமிழர்களுக்கு சாதி என்ற கட்டத்தில் 'மலபார்' என்று இருக்கிறது! முனுசாமி அங்கே மூன்சாமி ஆனார். முதலியார் மூட்லி ஆனார். கவுண்டர் கவண்டர் ஆனார். தனி ஒரு ஆளின் பெயர், சந்ததிக்கே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. ஹியூகனாட்டுகளுக்கும் இதே கதிதான். பிரான்ஸில் லெக்ளேர் என்றிருந்தவர் கேப்பில் டி கிளர்க் ஆகிவிட்டார். பூவிருந்தவல்லியையே பூனமல்லி என்று எழுதினவர்களிடம் முனுசாமி எம்மாத்திரம்!

போன ஆடி மாசம் என் சிநேகிதன், டிராவல்ஸ் கார் ஓட்டுகிறவன், போன் பண்ணினான். "டேய், டர்பன்லேர்ந்து ஒரு அம்மா வந்திருக்காங்க. கையில ஏதோ பழைய பேப்பர். நீதான் பேப்பர் சமாசாரம் எல்லாம் பார்ப்பியே, வண்டியில ஏறு."

ஏறினேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ரிடையர்டு டீச்சர். தமிழில் அம்மா, ஆயா, தண்ணி மாதிரி நாலைந்து வார்த்தைகள்தான் வரும். கையில் கப்பல் லிஸ்ட்டின் நகல். அதில் ஒரு பெண்ணின் பெயர். வயது 22. இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. செங்கல்பட்டு ஜில்லா. அடுத்த வரியில் மூன்று வயதுப் பையன். புருஷன் என்று யாரும் லிஸ்ட்டில் இல்லை.

"எங்கள் வீட்டில் ஜமீன் குடும்பம் என்றுதான் சொல்லி வளர்த்தார்கள்" என்றார் அந்த அம்மாள் இங்கிலீஷில். கடல் தாண்டியும் அதே ஜமீன்!

"ஏமாற்றமாக இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"ஜமீன்தாருக்கு என்ன, சும்மா உட்கார்ந்திருப்பார். இவள் 22 வயதில், கையில் குழந்தையோடு, போகிற ஊர் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் கப்பல் ஏறியிருக்கிறாள். அவள் ஏறாவிட்டால் நான் ஏது?"

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கிராமத்தின் பெயரைக் கண்ணால் படித்தால் ஒன்றும் புரியவில்லை. பூந்தமல்லி தாண்டி டீக்கடையில் நிறுத்தி, சிநேகிதன் நாலைந்து விதமாகச் சத்தம் போட்டுப் படித்தான். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே, "அட, நம்ம மச்சினிச்சி ஊரு!" என்று ஊர்ப் பெயரைச் சொன்னார். நூற்றுச் சொச்சம் வருஷத்துக் கிளார்க் எழுத்தை டீ மாஸ்டர் ஒரே நிமிஷத்தில் தீர்த்துவைத்தார்.

அந்த ஊரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. காரணம், போய் இறங்கியதுமே ஒருத்தர் வந்து கேட்ட முதல் கேள்வி: "வாரிசா? எத்தனை சென்ட்டு கேக்கறாங்க?"

ஹைவே பக்கம் கிரவுண்டு விற்கிற விலை அப்படி! இல்லை, சும்மா பூர்வீகம் பார்க்க வந்திருக்கிறார் என்று நானும் சிநேகிதனும் மாறி மாறிச் சொன்னோம். நம்பவில்லை. "சும்மா யாராச்சும் கப்பல் செலவு பண்ணிக்கிட்டு வருவாங்களா?" என்றார். நியாயமான கேள்விதான்.

அன்றைக்கு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி சொம்பில் மொண்டு கொடுத்தார். டர்பன் அம்மாள் ஒரு வாய் குடித்தார். நின்றார். மறுபடி குடித்தார். பிறகு சொம்பைக் காட்டி, "மாரியம்மன்?" என்றார்.

"ஆமாங்கம்மா, ஆடிக் கூழு."

அவர்கள் வீட்டிலும் வருஷா வருஷம் மாரியம்மனுக்கு இதைத்தான் ஊற்றுகிறார்களாம். டர்பன் பக்கத்தில் கரும்புத் தோட்டத்து மாரியம்மன் கோயில்களில் இன்னமும் நடக்கிறதாம். இங்கிலீஷில் கஞ்சிப் பூஜை என்று பெயர். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் பாட்டி கேட்டார்: "யாரு சொல்லிக் குடுத்தது?"

"ஆயா" என்றார் அந்த அம்மாள். அவருக்குத் தெரிந்த நாலைந்து வார்த்தைகளில் அது ஒன்று.

"அப்ப நம்ம வீட்டுப் பொண்ணுதான். நிக்கிறியே, உக்காரு கண்ணு. கருவாட்டுக் குழம்பு தின்பியா?"

வீடு கிடைக்கவில்லை. பங்காளி யாரும் கிடைக்கவில்லை. ஆனால் அங்கே ஒரு என்ட்ரி, இங்கே ஒரு என்ட்ரி. இரண்டும் டேலி ஆவதை அன்றைக்குத்தான் நான் கண்ணால் பார்த்தேன். சென்ட் கணக்குக் கேட்டவர் மட்டும் கார் வரைக்கும் வந்து, "பங்கு வேணாம்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்களேன்" என்றார்.

வீடு திரும்பும்போது ஒரு விஷயம் உறுத்தியது. கப்பலேறிக் காணாமல் போனதாக ஊர் நினைத்த பெண்ணுக்குப் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, தழும்பு இருக்கிறது. எங்கும் போகாமல் இங்கேயே பிறந்து, சமைத்து, பெற்று, செத்த என் கொள்ளுப் பாட்டிக்கு என்ன இருக்கிறது? பட்டாவில் அவள் பெயர் இல்லை. பத்திரத்தில் இல்லை. பிறப்பு இறப்பைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று நாடு முழுக்க ஒரே சட்டம் வந்ததே 1969-ல். அதற்கு ரொம்ப முன்னால் போனவள் அவள். போனவர்களை எண்ணுவதற்கு ஆள் இருந்தது. இருந்தவர்களை யார் எண்ணினார்கள்?

ஹரித்துவாரத்துப் பண்டாக்கள் யாத்திரை வந்தவர்களின் வம்சாவளியைச் சிவப்பு நோட்டில் எழுதி வைக்கிறார்கள். தர்ப்பணம் கொடுக்கிற வீடுகளில் மூன்று தலைமுறைப் பெயராவது நாக்கில் நிற்கும். எங்கள் வீட்டில் நோட்டும் இல்லை, நாக்கும் இல்லை. ஆவடியில் அத்தை மட்டும் இருக்கிறாள். வயது 84.

மறுநாளே போனேன். "அத்தை, உங்க ஆயா பேரு என்ன?"

"எதுக்குடா? வீட்டை விக்கப் போறியா?"

பார்த்தீர்களா! சத்தியம் பண்ணி நம்பவைத்தேன்.

"பேரா... எனக்கு அப்ப அஞ்சு வயசு. ஆயான்னுதான் கூப்பிடுவேன். ஊரே மோர்க்காரம்மான்னுதான் கூப்பிடும். பூந்தமல்லி சந்தைக்குத் தலையில பானை வச்சுக்கிட்டு நடந்தே போவா. நெட்டை. நம்ம பழைய வீட்டு நிலைப்படியில குனியாம நுழைய முடியாது அவளால. வலது கையில பால் கொட்டின தழும்பு இருக்கும், இந்த இடத்துல..." என்று தன் கையையே காட்டினாள்.

பெயர் கிடைக்கவில்லை. இருந்தாலும் 40 பக்க நோட்டு ஒன்றில் கப்பல் கிளார்க் மாதிரியே கோடு போட்டு எழுதிவிட்டேன். பெயர்: மோர்க்காரம்மா. உயரம்: நிலைப்படிக்கு மேல். அடையாளம்: வலது கையில் தழும்பு. தொழில்: மோர் வியாபாரம், பூந்தமல்லி சந்தை. கடைசிக் கட்டத்தில் முக்கியமானது: சொன்னது அத்தை, தேதி இன்னது. வவுச்சர்!

ஜமீன் இல்லை, குதிரை இல்லை. பரவாயில்லை. எங்கள் குடும்பத்தின் முதல் காமர்ஸ்காரி அவள்தான் போலிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு அத்தை இருப்பாள், இல்லை ஒரு பெரியப்பா. இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கேளுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகம் 1909 முதல் இருக்கிறது, இன்னும் நூறு வருஷம் இருக்கும். அத்தைக்கு அந்த கேரண்டி கிடையாது. பெயர், ஊர், குலதெய்வம், பிழைப்பு, இவ்வளவு போதும். குலதெய்வத்தை மறக்காதீர்கள், ஊரை விட்டு வந்த குடும்பத்துக்கு ஊரைக் காட்டிக் கொடுக்கிறது பெரும்பாலும் அதுதான். கேட்கும்போது முதலிலேயே 'வீடு விற்கப் போவதில்லை' என்று சொல்லிவிடுங்கள்.

நோட்டை வாங்கிப் பார்த்த சகதர்மிணி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினாள்.

"ஏங்க, எல்லாம் உங்க பக்கமாவே இருக்கே? எங்க பக்கம் எங்கே? டபுள் என்ட்ரின்னு படிச்சதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானா?"

நாளைக்குத் திருநின்றவூர் போகிறேன். மாமியாரின் அம்மாவுக்கு 88 வயது. காது கொஞ்சம் மந்தம். சத்தம் போட்டுக் கேட்க வேண்டும்.